79-லிருந்து 55: அமெரிக்க நகரங்களில் கறுப்பர், வெள்ளையர் பிரிவினை நிஜமாகவே குறைந்துவிட்டதா?

டெட்ராய்ட் நகரின் வடக்கு எல்லைக்குப் பக்கத்தில், வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. சுமார் ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941-ல் ஒரு ரியல் எஸ்டேட்காரர் கட்டியது. வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்பது அவர் திட்டம். ஆனால் பக்கத்திலேயே கறுப்பின மக்கள் குடியிருந்ததால், வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் தரும் அரசு அமைப்பான ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் சம்மதிக்கவில்லை. அவர் நடுவில் சுவரை எழுப்பினார். சம்மதம் கிடைத்துவிட்டது.

இன்று அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் கறுப்பினக் குடும்பங்கள்தான் வசிக்கின்றன. சுவரின் ஒரு பகுதியில் வண்ண ஓவியங்கள்கூட தீட்டியிருக்கிறார்கள். இப்போது நீங்கள் போய் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் மட்டும் ஒப்பிட்டு இனப் பிரிவினையை அளந்தால், விடை கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வரும். ஆனால் அங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே நடந்தால் 8 மைல் ரோடு. எமினெம் நடித்த படத்தின் பெயரில் இருக்கும் அதே சாலை. டெட்ராய்ட் நகரம் அங்கே முடிகிறது. நகரத்துக்குள் நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பினத்தவர். நகருக்கு வெளியே உள்ள புறநகர்களில் பலவற்றில் வெள்ளையர்கள்தான் பெரும்பான்மை. சுவர் இருந்த இடத்திலிருந்து கோடு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இனப் பிரிவினை குறைகிறது என்று செய்திகளில் ஒரு எண் அடிக்கடி வரும். 1970-ல் பெருநகரங்களின் சராசரி 79. 2010-ல் 59. 2020 கணக்கெடுப்பில் 55. கிராஃபில் பார்த்தால் அழகாக இறங்கும் கோடு. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரியாமல் படித்தால், டெட்ராய்ட் சுவரைப் பார்த்துவிட்டு 'பிரச்னை முடிஞ்சுது' என்று சொல்வது போலத்தான் ஆகும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

இதற்கு டிஸ்சிமிலாரிட்டி இண்டெக்ஸ் என்று பெயர். வேறுபாட்டுக் குறியீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1955-ல் ஓட்டிஸ் டட்லி டங்கன், பெவர்லி டங்கன் என்ற சமூகவியலாளர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதுவே இந்தத் துறையின் ஸ்டாண்டர்டு அளவுகோலாகிவிட்டது.

கணக்கு பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். நான்கு பேட்டைகள், ஒவ்வொன்றிலும் 250 பேர். ஊர் முழுக்க கறுப்பினத்தவர் 200 பேர், வெள்ளையர் 800 பேர். முதல் பேட்டையில் 150 கறுப்பினத்தவர், 100 வெள்ளையர். இரண்டாவதில் 30, 220. மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 10, 240.

ஊரின் கறுப்பினத்தவரில் 75% பேர் முதல் பேட்டையில் இருக்கிறார்கள். வெள்ளையரில் 12.5% பேர்தான் அங்கே. வித்தியாசம் 62.5. இப்படியே மற்ற மூன்று பேட்டைகளுக்கும் வித்தியாசம் பாருங்கள்: 12.5, 25, 25. எல்லாவற்றையும் கூட்டினால் 125. அதில் பாதி 62.5. இதுதான் இந்த ஊரின் குறியீடு.

அர்த்தம் என்ன? கறுப்பினத்தவரும் வெள்ளையரும் எல்லாப் பேட்டைகளிலும் ஒரே விகிதத்தில் பரவ வேண்டுமென்றால், கறுப்பினத்தவரில் 62.5% பேர் வீடு மாற வேண்டும். 200 பேரில் 125 பேர் மூட்டை கட்ட வேண்டும். குறியீடு 0 என்றால் யாரும் மாற வேண்டாம். 100 என்றால் ஒரே பேட்டையில் இரு இனத்தவரும் சேர்ந்து வாழவே இல்லை. 60-க்கு மேல் போனால் 'அதிகப் பிரிவினை' என்பது வழக்கம்.

பக்கத்து வீட்டில் யார்?

இப்போது வேறொரு கேள்வி. அதே ஊரில் ஒரு சராசரி கறுப்பினத்தவர் வாசல் கதவைத் திறந்தால், அவர் பேட்டையில் எத்தனை சதவீதம் பேர் அவரைப் போன்றவர்கள்? கணக்குப் போட்டால் சுமார் 47%. ஒரு சராசரி வெள்ளையருக்கோ 87%. இதற்கு ஐசொலேஷன் இண்டெக்ஸ் என்று பெயர்.

கவனியுங்க, ஊர் ஒன்றுதான். ஆனால் வேறுபாட்டுக் குறியீடு இரு இனத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு எண் தருகிறது. தனிமையின் கணக்கோ ஆளுக்கொரு எண் தருகிறது. நிஜ அமெரிக்காவிலும் இப்படித்தான். 2010 கணக்கெடுப்பின்படி பெருநகரத்தில் வாழும் சராசரி வெள்ளையரின் பேட்டையில் 75% வெள்ளையர், 8% கறுப்பினத்தவர். சராசரி கறுப்பினத்தவரின் பேட்டையில் 45% கறுப்பினத்தவர், 35% வெள்ளையர். பிரிவினை என்றதும் 'கறுப்பினத்தவர் கும்பலாக ஒதுங்கி வாழ்கிறார்கள்' என்றொரு பிம்பம் வருமே, எண்களைப் பார்த்தால் ஒதுங்கி வாழ்வது யார் என்ற கேள்வியே தலைகீழாகிறது.

அதே சமயம் தனிமைக் குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒரு ஊரில் கறுப்பினத்தவரே 2% பேர்தான் என்றால், எவ்வளவு ஒதுக்கினாலும் அந்த எண் சின்னதாகவே தெரியும். அப்படிப்பட்ட ஊரில் வேறுபாட்டுக் குறியீடு வேறு விதமாக ஏமாற்றும். மிகச் சிறிய கூட்டத்தைக் குலுக்கல் முறையில் வீடுகளில் உட்கார வைத்தாலும் எண் பூஜ்ஜியத்துக்கு மேலேதான் நிற்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எல்லையை யார் போட்டது?

உண்மையான சண்டை இங்கேதான். மறுபடி நம் கற்பனை ஊருக்கு வாங்க. இரண்டாவது பேட்டையின் நடுவே ஒரு ரயில் பாதை போகிறது. அங்குள்ள 30 கறுப்பினத்தவரும் பாதைக்கு ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பேட்டையை இரண்டாகப் பிரித்து எண்ணினால், ஊரின் குறியீடு 62.5-லிருந்து கிட்டத்தட்ட 66 ஆகிவிடும். ஒரு ஆள்கூட வீடு மாறவில்லை. நாம் கோட்டை நெருக்கிப் போட்டோம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அலகு சென்சஸ் ட்ராக்ட். சராசரியாக 4,000 பேர் வசிக்கும் பகுதி. இன்னும் சின்னதாக பிளாக் வரை போகலாம். ஆனால் 2020 கணக்கெடுப்பில், தனிநபர்களின் அடையாளம் வெளியே தெரியாமல் இருக்க சென்சஸ் பீரோ வேண்டுமென்றே எண்களில் சிறு பிழைகளைக் கலந்திருக்கிறது. பிளாக் அளவில் அது உறுத்தும். ட்ராக்ட் அளவில் பெரிய பாதிப்பில்லை.

வெளி எல்லையும் இதே போல விளையாடும். 2010 கணக்கெடுப்பை வைத்து வில்லியம் ஃப்ரே போட்ட பட்டியலில் மில்வாக்கி முதலிடம், எண் 81-க்கு மேல். டெட்ராய்ட் சுமார் 75-உடன் நான்காம் இடம். அதே கணக்கெடுப்பை வைத்து பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் லோகனும் பிரையன் ஸ்டல்ட்ஸும் போட்ட பட்டியலில் டெட்ராய்ட்டும் மில்வாக்கியும் 80-ஐத் தொட்டுக்கொண்டு ஒன்றாக முதலிடம். யார் தப்பு? யாரும் தப்பில்லை. ஃப்ரே டெட்ராய்ட்டின் முழு மெட்ரோ பகுதியையும் எடுத்தார். லோகன் குழு பெரிய மெட்ரோக்களை உள்பிரிவுகளாகப் பிரித்தது. அதில் டெட்ராய்ட் என்பது வெய்ன் கவுண்டி மட்டும். தன்னைக் கறுப்பினம், வெள்ளையினம் இரண்டும் என்று பதிவு செய்தவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற முடிவும் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தும்.

இந்தச் சிக்கல் நமக்கும் புதிதில்லை. இந்திய நகரங்களில் சாதிவாரிக் குடியிருப்பை இதே குறியீட்டால் அளந்திருக்கிறார்கள். 2001 கணக்கெடுப்பின் வார்டு எண்களை வைத்து ட்ரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2012-ல் எழுதிய ஆய்வு, பெருநகரங்களில் பொருளாதார நிலையைவிட சாதி வழியான பிரிவினையே அதிகம் என்று காட்டியது. பிறகு 2018-ல் நவீன் பாரதி, தீபக் மல்கான், அந்தலீப் ரஹ்மான் மூவரும் சென்னை உள்ளிட்ட ஐந்து பெருநகரங்களுக்கு வார்டைவிடச் சிறிய கணக்கெடுப்பு பிளாக் அளவில் இறங்கிப் பார்த்தார்கள். வார்டு எண்கள் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன என்பது தெரிந்தது. ஒரே வார்டுக்குள்ளேயே தெருவுக்குத் தெரு பிரிவினை இருந்தால் வார்டு சராசரியில் அது எப்படித் தெரியும்?

ஒரு எண் போதாது என்றவர்கள்

1988-ல் டக்ளஸ் மாஸியும் நான்சி டென்டனும் அதுவரை புழக்கத்தில் இருந்த சுமார் இருபது அளவீடுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்து, பிரிவினைக்கு ஐந்து முகங்கள் இருக்கின்றன என்றார்கள். சமமாகப் பரவியிருக்கிறார்களா, ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பிருக்கிறதா என்ற இரண்டையும் மேலே பார்த்துவிட்டோம். மீதி மூன்றும் வரைபடம் சம்பந்தப்பட்டவை. எவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கியிருக்கிறார்கள், நகர மையத்தை ஒட்டியா, அவர்களுடைய பேட்டைகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றனவா என்பவை.

இது ஏன் முக்கியம் தெரியுமா? வேறுபாட்டுக் குறியீட்டுக்கு வரைபடமே தெரியாது. பத்து கறுப்பினப் பேட்டைகள் சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போலச் சிதறிக் கிடந்தாலும், ஒரே திட்டாகச் சேர்ந்து மைல் கணக்கில் நீண்டாலும் அது ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஆனால் அந்தத் திட்டின் நடுவில் வளரும் ஒரு குழந்தைக்கு, பள்ளி, கடை, பூங்கா, பஸ் ஸ்டாப் எல்லாமே ஒரே இனத்தின் உலகமாகத்தான் இருக்கும். ஐந்தில் குறைந்தது நான்கு முகங்களில் உச்சத்தில் இருக்கும் நகரங்களை மாஸியும் டென்டனும் ஹைப்பர்செக்ரிகேஷன் என்று அழைத்தார்கள். 1970-ல் அப்படி 40 பெருநகரங்கள் இருந்தன. 2010-ல் 21.

சரி, குறைந்ததா இல்லையா?

2012-ல் எட்வர்ட் கிளேசர், ஜேக்கப் விக்டர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள், மன்ஹாட்டன் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட அறிக்கையில் 'பிரிவினையின் நூற்றாண்டு முடிந்தது' என்றே தலைப்பு வைத்தார்கள். முழுக்க வெள்ளையர் மட்டுமே வாழும் பேட்டை கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது, 200-ல் 199 பேட்டைகளில் கறுப்பினத்தவர் இருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. லோகன் குழு அதே கணக்கெடுப்பைப் பார்த்துவிட்டு, முன்னேற்றம் மந்தம், வடக்கின் பழைய தொழில் நகரங்கள் பலவற்றில் அசைவே குறைவு என்றது.

என்னைக் கேட்டால், கிளேசர், விக்டர் சொன்ன சரிவு உண்மை. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரே வாரத்தில் ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்தானது. அதற்கு முன் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்தான். ஆனால் '200-ல் 199' என்ற எண்ணில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. 4,000 பேர் கொண்ட ட்ராக்டில் ஒரே ஒரு கறுப்பினக் குடும்பம் வந்தாலே அது 'முழு வெள்ளை' பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

இன்னொரு விஷயம், கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் போட்டோ. 8 மைல் ரோட்டுக்கு வடக்கே சவுத்ஃபீல்ட் என்ற புறநகர் இருக்கிறது. 1970-ல் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர் ஊர். 1990-ல் கறுப்பினத்தவர் சுமார் 29%. 2000-ல் 54%. 2010-ல் 70%. நடுவில் எடுத்த இரண்டு போட்டோக்களை மட்டும் பார்த்தால் அருமையான கலப்பு ஊர். வரிசையாகப் பார்த்தால் ஒரு கூட்டம் உள்ளே வர, இன்னொரு கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்த ஊர். வாஷிங்டன் நகரில் இதே கதை எதிர்த் திசையில் நடக்கிறது. 1970-ல் 71% கறுப்பினத்தவர், 2020-ல் சுமார் 41%. வாடகை ஏறும் பேட்டைகளில் புதிதாக வெள்ளையர் வரும்போது, பழையவர்கள் காலி செய்யும் வரை குறியீடு இறங்கும்.

2015-ல் டேனியல் லிக்டர், டொமினிகோ பாரிஸி, மைக்கேல் டக்கினோ மூவரும் இதை வேறொரு அளவீட்டால் பிரித்துப் பார்த்தார்கள். தைல் குறியீடு என்பார்கள். இதன் சௌகரியம், மொத்தப் பிரிவினையில் ஒரே நகராட்சிக்குள் பேட்டைக்குப் பேட்டை எவ்வளவு, நகராட்சிக்கு நகராட்சி எவ்வளவு என்று பில் பிரிப்பது போலப் பிரிக்கலாம். 1990-க்கும் 2010-க்கும் நடுவில் உள்ளே இருந்த பிரிவினை குறைந்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான பங்கு கூடியது. 8 மைல் ரோடு மாதிரியான எல்லைகளின் வேலை அதிகமாகியிருக்கிறது என்று அர்த்தம்.

நகராட்சி எல்லையில் அப்படி என்ன இருக்கிறது?

பணம் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளுக்கு நிதியில் பெரும் பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் வீட்டு விலை சரிந்தால் பள்ளிக்கும் அடி. டெட்ராய்ட்டின் பள்ளிகளில் இனக் கலப்பைக் கொண்டுவர, புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 1974-ல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. தீர்வு நகர எல்லையோடு நிற்க வேண்டும் என்று ஆனது. வேன் பிடித்து எல்லையைத் தாண்டிவிட முடிந்த குடும்பங்களுக்கு அது ஒரு சிக்னல்.

'பணம் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வாழலாமே, இது இனப் பிரச்னையா வர்க்கப் பிரச்னையா?' என்று நீங்கள் கேட்கலாம். லோகன் இதையும் பார்த்தார். நல்ல வருமானமுள்ள கறுப்பினக் குடும்பங்கள் சராசரியாக வாழும் பேட்டை, குறைந்த வருமானமுள்ள வெள்ளையர்கள் வாழும் பேட்டையைவிட ஏழ்மையானது.

பிரிவினையால்தான் வறுமையா, வறுமையால் பிரிவினையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எலிசபெத் அனானட் 2011-ல் ஒரு கெட்டிக்காரத்தனமான வழி பிடித்தார். வடக்கு நகரங்களில் 19-ம் நூற்றாண்டிலேயே போட்ட ரயில் பாதைகள் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தன. தெற்கிலிருந்து கறுப்பினத்தவர் பெருமளவில் இடம்பெயர்ந்து வந்தபோது, அதிகம் துண்டான நகரங்களில் பிரிவினையும் அதிகமானது. தண்டவாளம் போட்டவர்களுக்கு அப்போது இந்த நோக்கமே கிடையாது. ஆக, அந்த நகரங்களில் பின்னால் வந்த வித்தியாசத்தைப் பிரிவினையின் விளைவாகப் பார்க்கலாம். முடிவு: பிரிவினை கறுப்பினத்தவரின் வறுமையைக் கூட்டுகிறது. வெள்ளையரின் வறுமையைக் குறைக்கிறது. இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். இது ஏன் தானாகச் சரியாகவில்லை என்பதில் பாதி அங்கே இருக்கிறது.

அவங்களா விரும்பித்தானே தனியா இருக்காங்க?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். 1976-ல் ரெனால்ட்ஸ் ஃபார்லி தலைமையில் டெட்ராய்ட்டில் மக்களிடம் படம் போட்ட அட்டைகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் வீடுகள், சிலவற்றில் கறுப்பு, சிலவற்றில் வெள்ளை. கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் முதலில் எடுத்தது பாதிக்குப் பாதி இருந்த அட்டை. வெள்ளையர்களுக்குக் கறுப்பு வீடுகள் கூடக் கூட சங்கடமும் ஏறியது. பாதிக்குப் பாதி என்றால் குடிவர மாட்டோம் என்றவர்களே அதிகம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் 1971-லேயே இதன் கணக்கைக் காட்டியிருந்தார். ஒவ்வொருவருக்கும் லேசான விருப்பு வெறுப்பு இருந்தாலே போதும், ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும்.

விருப்பம் மட்டும்தான் காரணம் என்று அதோடு நிறுத்திவிடவும் முடியாது. 2012-ல் அமெரிக்க வீட்டு வசதித் துறையே ஒரு சோதனை நடத்தியது. ஒரே தகுதியுள்ள ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் தனித்தனியாக ஒரே புரோக்கரை அணுகுவார்கள். வீடு வாங்க வந்த கறுப்பினத்தவருக்குச் சுமார் 17% குறைவான வீடுகளைப் பற்றித்தான் சொன்னார்கள். வாடகைக்கு வந்தவருக்கு 11% குறைவு. மூஞ்சியில் அடித்தாற்போல 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. வந்தவருக்குத் தனக்கு எது காட்டப்படவில்லை என்றே தெரியாது.

இந்த எண்ணால் என்ன ஆகும்?

ஃபேர் ஹவுசிங் சட்டத்தில், பாகுபாட்டைத் தடுத்தால் மட்டும் போதாது, நியாயமான வீட்டு வசதியை முன்னெடுக்கவும் வேண்டும் என்றொரு கடமை உண்டு. பல பத்தாண்டுகள் அது காகிதத்தில் கிடந்தது. 2015-ல் ஒபாமா அரசு அதற்குப் பல் வைத்தது. மத்திய வீட்டு வசதி நிதி வாங்கும் நகரங்கள் தங்கள் பிரிவினையை அலசி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்காக வீட்டு வசதித் துறை வேறுபாட்டுக் குறியீடு உள்ளிட்ட எண்களை வரைபடத்தோடு தயாராகக் கொடுத்தது. 2020-ல் டிரம்ப் அரசு அந்த விதியை நீக்கியது. 2021-ல் பைடன் அரசு ஒரு பகுதியை மீட்டது. 2025-ல் டிரம்ப் அரசு மறுபடி நீக்கியது.

இப்போது எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நகரங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் டேட்டா சென்சஸ் பீரோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேறுபாட்டுக் குறியீட்டை எக்செல்லில் போடுவது உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை. டெட்ராய்ட்டுக்குப் போட்டுப் பாருங்கள். டவுன்லோடு செய்வதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: வெய்ன் கவுண்டி மட்டுமா, 8 மைல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓக்லண்ட், மெக்கோம் கவுண்டிகளும் சேர்த்தா?